கடைசிப் பந்திக்கும் கறி இருக்க வேண்டும்

கேள்வி: அண்ணே, எங்கள் ஊர் காரங்காடு. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் நண்டுவலை போகிறவர். மூத்த மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. ஆவணியில் செங்கோல் மாதா கோயிலில் காலை திருமணத் திருப்பலி, மதியம் வீட்டுவாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் ராமநாதபுரத்தில் மண்டபம் பிடித்து ரிசப்ஷன் என்று பேசி வைத்திருக்கிறோம். கேட்டரிங்காரர் ஒருவர் மட்டன் பிரியாணி, சிக்கன் 65, முட்டை, தயிர்ப் பச்சடி, ஸ்வீட், ஐஸ்கிரீம், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து இலைக்கு 390 ரூபாய் கேட்கிறார். 200 கார்டு அடிக்கிறோம், வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 600 பேர். 2,34,000 ரூபாய் வருகிறது. இதில் மதியச் சாப்பாடு சேரவில்லை. சாப்பாட்டுக்கென்று எங்கள் கையில் இருப்பது மொத்தமே 1,40,000. இங்கே மட்டன் கிலோ 850, கோழி 240, சீரகச் சம்பா 130. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சமைத்த தொண்டி பண்டாரி, ஆட்களோடு சேர்த்து 22,000 கூலி வாங்கினார். பாத்திர வாடகை 5,000. வீட்டுக்காரர் மட்டன் பிரியாணி இல்லாமல் முடியாது என்கிறார். மகன் பஃபேதான் மரியாதை என்கிறான். மீன்பிடிக்கிற ஊரில் மீன் போடாமல் எப்படி என்று மாமியார் கேட்கிறார். வட்டிக்கு வாங்காமல் இந்தச் சாப்பாட்டை முடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, காரங்காடு

பதில்: தங்கச்சி, விலையெல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

நீங்கள் அடுத்து என்ன செய்யப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேட்டரிங்காரரிடம் பேசி 390-ஐ 350-க்குக் கொண்டுவரப் பார்ப்பீர்கள். அவரும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஒப்புக்கொள்வார். அந்த நாற்பது ரூபாயைத் தன் கையிலிருந்து எந்தத் தொழில்காரரும் போடமாட்டார். அரிசி ஒரு படி கூடும், கறி ஒரு படி குறையும், நெய் இருந்த இடத்தில் டால்டா வரும். முதல் இரண்டு பந்திக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும். நாலாவது பந்தியில் உட்காருகிற உங்கள் ஊர்க்காரருக்கு வெறும் மசாலாச் சோறு விழும். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுப் போயிருப்பார்கள். கடைசிப் பந்தியில் இருப்பது நாளைக்கு உங்கள் வீட்டுக்காரரோடு கடலுக்குப் போகிற ஆட்கள். சொல்லிக்காட்டுவதும் அவர்கள்தான்.

அதனால் ரேட்டை விடுங்கள். ஒரே நாளில் எத்தனை வேளை போடுகிறோம், எந்த மாதத்தில் போடுகிறோம், எத்தனை இலை, இலையில் என்ன என்ற நான்கையும் முதலில் பாருங்கள். உங்கள் 94,000 ரூபாய்ப் பள்ளம் அங்கேதான் தூரும்.

முதலில் வேளை. மதியம் ஊருக்கு ஒரு சாப்பாடு, சாயங்காலம் ராமநாதபுரத்தில் இன்னொரு சாப்பாடு என்பது வசதியான வீட்டுக்காரர்கள் ஆரம்பித்து வைத்த பழக்கம். மதியம் வாசலில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் சாயங்காலமும் வருவார்கள். அவர்களை ஏற்றி இறக்க வேன் பேச வேண்டும், மண்டப வாடகை, அதற்கு மேல் வரி. பங்குத்தந்தையிடம் போய் மாலைத் திருப்பலி கிடைக்குமா என்று கேளுங்கள். நாலரை, ஐந்து மணிக்குத் திருப்பலி தொடங்கினால், முடிந்த கையோடு கோயில் பக்கமோ பள்ளி மைதானத்திலோ பந்தல், மேடை, வரவேற்பு, பந்தி எல்லாம் ஒரே இடத்தில் நடந்துவிடும். கோயிலில் கல்யாண அறிவிப்பு படிக்கிற ஓலை வாசிப்புக்கு மூன்று ஞாயிறு வேண்டும் என்பதால் எப்படியும் சீக்கிரமே சாமியாரைப் பார்க்கத்தானே வேண்டும், அப்போதே இதையும் பேசிவிடுங்கள். காலையில் வீட்டோடு இருக்கிற ஐம்பது அறுபது பேருக்கு இட்லி, சாம்பார், ஒரு கேசரி போதும். ராமநாதபுரம் மண்டபத்தை விட்டாலே வேன், வாடகை இரண்டும் மிச்சம். அந்தத் தொகை உங்கள் சாப்பாட்டுக் கணக்கில் இல்லை என்றாலும், அதே பைதானே.

அடுத்தது மாதம். நீங்கள் ஆவணி என்று முடிவு செய்தது, ஊரெல்லாம் ஆவணியில் செய்கிறது என்பதால் இருக்கும். ஆடி முழுக்கக் காத்திருந்த இந்துக் கல்யாணங்கள் அத்தனையும் ஆவணி முகூர்த்தத்தில் வந்து விழும். சமையல்காரர், பாத்திரம், பந்தல், வாழையிலை, பரிமாறுகிற பையன்கள் என்று எதைக் கேட்டாலும் அந்த நாளுக்கு ஒரு விலை. முகூர்த்த நாளில் இலைக்கட்டு விலை ஏறுவதைச் சந்தையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா வேறு. உங்கள் உறவில் பாதிப்பேர் நடைப்பயணம் போயிருப்பார்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஆடியில் தடை ஏதும் கிடையாது. திருச்சபை கொண்டாட்டத்தைத் தவிர்க்கச் சொல்வது தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும்தான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சமையல்காரர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆவணியில் உங்களுக்கு நேரம் ஒதுக்க யோசிக்கிற பண்டாரி, ஆடியில் தானே வீடு தேடி வருவார். ஊர்ப் பழக்கத்தை ஒட்டிச் சில கிறிஸ்தவ வீடுகளிலும் ஆடி ஆகாது என்பார்கள். அதனால் சம்பந்தி வீட்டில் பேசாமல் தேதி வைத்துவிடாதீர்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஆவணியிலேயே முகூர்த்தமில்லாத ஒரு நாளாகப் பாருங்கள். உங்களுக்குத் தேவை கோயில் தேதியும் கடலுக்குப் போகாத நாளும்தான், பஞ்சாங்க நாள் அவசியமில்லை.

ஆடிக்கு ஒரு குறையும் உண்டு. அம்மியைப் பறக்க வைக்கிற காற்று, அடுப்பை விட்டுவைக்குமா? திறந்த வெளியில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்டாவின் ஒரு பாதி கருகும், மறுபாதி வேகாது. சோற்றில் மண் விழும். சமையல் இடத்தை மேற்கிலும் தெற்கிலும் தகரம் வைத்து அடையுங்கள். பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் செய்து தருவார்.

இப்போது தலைக்கணக்கு. 200 கார்டு, வீட்டுக்கு மூன்று பேர் என்பது கேட்டரிங்காரருக்குப் பிடித்த கணக்கு. உங்களுக்கு உதவுகிற கணக்கு வீட்டிலேயே பெட்டிக்குள் கிடக்கிறது. அண்ணன் மகள் கல்யாணத்தின் மொய் நோட்டை எடுங்கள். யார் நேரில் வந்து எழுதினார்கள், யார் ஆள்விட்டுக் கொடுத்தார்கள் என்று அண்ணிக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் வீட்டு விசேஷம் எதற்காவது மொய் எழுதிய நோட்டு இருந்தால் அதையும் எடுங்கள். கார்டு பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: குடும்பத்தோடு வருகிற வீடு, ஒற்றை ஆள் மட்டும் வருகிற வீடு, மொய்யை மட்டும் அனுப்புகிற வீடு. உள்ளூர் வீடு என்றால் நாலு ஐந்து பேர் நிச்சயம், அதைக் குறைத்துப் போடாதீர்கள். வெளியூர்க் கார்டில்தான் வீக்கம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஓர் இலை. இப்படி எண்ணினால் 600 என்பது 450 பக்கத்தில் இறங்கும் என்பது என் அனுபவம். கணக்கு 500 காட்டினால் 500-தான், என் பேச்சைக் கேட்டுக் குறைக்க வேண்டாம்.

இலையில் என்ன என்ற கேள்விக்கு வந்தால் வீட்டுக்காரரோடுதான் முதல் சண்டை. மட்டன் பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி போட்டால் எட்டுப் பேருக்கு நிறைவாக வரும். 450 பேருக்கு 56 கிலோ கறி. நீங்கள் எழுதிய விலைப்படி 47,600 ரூபாய் கறிக்கு மட்டும். மீன் தின்று சலித்த வாய்க்குக் கல்யாணத்தில் ஆட்டுக்கறி வேண்டும் என்பது கடற்கரை முழுக்க உள்ள ஆசை, அதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஆசையைத் தீர்க்க உங்கள் பக்கத்து ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. தொண்டி, கீழக்கரை முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற நெய்ச்சோறும் தாளிச்சாவும். தாளிச்சாவில் எலும்போடு சேர்ந்த ஆட்டுக்கறி, பருப்பு, கத்தரிக்காய், மாங்காய் என்று போட்டுக் கொதிக்க விடும்போது கறியின் ருசி முழுக்கக் குழம்பில் இறங்கிவிடும். 450 பேருக்கு 18 கிலோ ஆட்டுக்கறி, 12 கிலோ பருப்பு போதும். கூடவே கோழிக் குருமாவோ வறுவலோ, 65 கிலோ கோழியில். ஒரு முட்டை, ஒரு பச்சடி, ஒரு இனிப்பு. இலையில் ஆடும் இருக்கிறது, கோழியும் இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு, அது கல்யாண வீட்டாருக்கு உடனே தெரியாது. பிரியாணியை ஒரே தடவையாகத் தம் போட்டு இறக்க வேண்டும். ஆள் குறைந்தால் மிச்சம், கூடினால் தவிப்பு. நெய்ச்சோறு அப்படியல்ல. முதல் இரண்டு பந்திக்கு ஒரு அண்டா இறக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து அடுத்த அண்டாவை ஏற்றலாம். ஊறப்போடாத அரிசி ஒரு மூட்டை ஓரமாக இருந்தால் ஐம்பது பேர் கூட வந்தாலும் பயமில்லை, வராவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூட்டையைப் பிரிக்காமல் திருப்புவதாக மளிகைக் கடையில் முதலிலேயே பேசி வையுங்கள்.

வீட்டுக்காரர் இதற்கும் அசையவில்லை என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2016-இல் சட்டமே போட்டார்கள்: கல்யாண விருந்தில் ஒரு குழம்பு, சோறு, ரொட்டி, சாலட், ஒரு இனிப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் போட்டால் குற்றம். பணக்காரரைப் பார்த்து ஏழை கடன் வாங்குவதை நிறுத்தத்தான். நமக்குச் சட்டம் வேண்டாம், சம்பந்தி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் போதும்.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கடலை நம்பி 450 பேருக்குப் பந்தி போடக்கூடாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் காற்று மாறினால் என்ன செய்வீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதம் மீன் விலையைக் கேட்கவே வேண்டாம். மற்ற நாளிலும் ஒரே வகை மீன், ஒரே அளவில், ஒரே நாளில் நூறு கிலோ என்பது ஏலக்கடையில் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. நண்டைப் பந்தியில் வைக்கவே வைக்காதீர்கள். விலை ஏற்றுமதிக்காரர் வைக்கிற விலை. அதைவிட, ஓட்டை உடைத்துச் சாப்பிட ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அடுத்த பந்தி நின்றுகொண்டே இருக்கும்.

மீன் வேண்டும் என்றால் ஓரமாக வேண்டும். உங்கள் ஊரில் அலையாத்திக் காட்டைப் பார்க்க வனத்துறைப் படகில் வருகிறவர்களுக்கு, முன்கூட்டிச் சொன்னால் ஊர்ப் பெண்களே கடல் சாப்பாடு சமைத்துப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அந்த இறாலுக்கும் கணவாய்க்குமே இன்னொரு தடவை வருகிறார்கள். கேட்டரிங்காரரைத் தேடி ராமநாதபுரம் போன நீங்கள், அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுற்றுலாக்காரர்களுக்குச் சமைப்பதும் 450 இலைக்குச் சமைப்பதும் வேறு வேறு வேலை என்பதால் மொத்தப் பந்தியையும் அவர்கள் தலையில் வைக்க வேண்டாம். அன்றைக்கு எது வருகிறதோ, இறாலோ கணவாயோ, பத்துப் பன்னிரண்டு கிலோவில் ஒரு தொக்கு. மாப்பிள்ளை வீட்டாரும் சாமியாரும் உட்காருகிற முதல் பந்தியில் ஒரு கரண்டி. மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு என்று வைத்தால் அதை முழுக்க அவர்களிடமே விடலாம். கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். மாமியாருக்கும் சமாதானம்.

சமையலை இலைக் கணக்கில் விடாமல் கூலிக்கு விடுங்கள். சாமான் நாம், கை அவருடையது. சாமான் வாங்க வீட்டில் ஆள் இல்லாத பட்டணத்துக்காரருக்கு இலைக்கணக்குதான் வசதி, அதை நான் குறை சொல்லமாட்டேன். உங்களுக்கு ஆள் இருக்கிறது. அண்ணன் வீட்டில் சமைத்த பண்டாரி கைப்பக்குவம் பிடித்திருந்தால் அவரையே பேசுங்கள். அவர் கிடைக்காவிட்டால் நம் மாவட்டத்தில் சமையல்காரருக்குப் பஞ்சமில்லை. பரமக்குடிப் பக்கம் கலையூர் என்ற ஊருக்குச் சமையல்காரர்களின் ஊர் என்றே பேர், காய் வெட்டுவதில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் தொழில் பழகிய ஆண்கள் அங்கே உண்டு. யாரைப் பேசினாலும், அவர் வேறு எங்காவது சமைக்கிற விசேஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ருசி பார்க்க முதல் பந்தியில் உட்கார வேண்டாம். கடைசிப் பந்தி நடக்கும்போது போங்கள். அண்டாவில் என்ன இருக்கிறது, பரிமாறுகிறவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் ஆளைத் தெரிந்துவிடும்.

உங்கள் விலைகளை வைத்துக் கணக்குப் போட்டேன். சீரகச் சம்பா 50 கிலோ 6,500. கோழி 65 கிலோ 15,600. ஆட்டுக்கறி 18 கிலோ 15,300. இது 37,400. நெய், எண்ணெய், மளிகை, காய்கறி, தயிர், முட்டை, இனிப்பு எல்லாவற்றுக்கும் 24,000 ஒதுக்குங்கள். பண்டாரி கூலி 22,000, பாத்திரம் 5,000. விறகு, கேஸ், தண்ணீர் 9,000. இலை 3,000. கூட்டினால் 1,00,400. பத்தாயிரம் தவறிப்போனாலும் 1,10,400-ஐத் தாண்டாது. நீங்கள் சொன்ன தொகையில் முப்பதாயிரம் பக்கம் நிற்கிறது. காலை இட்லிக்கும் முதல் பந்தித் தொக்குக்கும் அதில் கொஞ்சம் எடுங்கள். மீதியில் இன்னொரு ஐட்டம் சேர்க்காமல், பரிமாறவும் இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் போடுங்கள். ஊர்ப் பையன்கள் பரிமாறுவார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். போட்டோ எடுக்கிற நேரத்தில் ஒருவனும் இருக்கமாட்டான். கூலிக்கு ஐந்தாறு பேர் இருந்தால், அவர்களோடு சேர்ந்து பையன்கள் ஓடுவார்கள்.

செலவைக் குறைக்க இன்னும் சில இடங்கள் உண்டு. மிளகாயை மாசி, பங்குனியில் அறுவடை நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் குண்டு மிளகாயை நாம் கடையில் பொட்டலத் தூளாக வாங்கலாமா? காயவைத்து, மல்லியோடு மில்லில் கொடுத்து அரைத்தால் குழம்பு திரண்டு நிற்கும், கலப்படப் பயமும் இல்லை. ஆட்டை உயிரோடு வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி நிற்கும், 18 கிலோவுக்கு 20 கிலோ கிடாய் இரண்டு வேண்டும். தலை, கால், குடல் எல்லாம் வீட்டுக்கு வரும் என்பது லாபம். தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆள் கூட வந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கறிக்கடையே மேல்.

விறகுக்குக் கருவை இருக்கிறது, மாவட்டம் முழுக்க. நன்றாகக் காய்ந்த கருவை நின்று எரியும், நெய்ச்சோற்றுக்கும் தாளிச்சாவுக்கும் அதுதான் தீ. அலையாத்திக் காட்டில் ஒரு குச்சிகூட ஒடிக்க வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூரிலிருந்து வருகிற சமையல் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள். வறுவலுக்கு மட்டும் கேஸ் போதும். வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து வைக்காதீர்கள், விசேஷத்துக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் கரையில் கிணற்றுத் தண்ணீரில் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் குழையாது, சோறு மஞ்சள் தட்டும். குழாயில் வருகிற காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பி விசேஷத்தை வைக்க முடியாது. சமையலுக்கு ஒரு டேங்கர் நல்ல தண்ணீரை முந்தின நாளே இறக்கி மூடி வையுங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் 25 வாங்கி, டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். ஆளுக்கொரு பாட்டில் என்றால் பாதி குடித்த பாட்டில்கள்தான் மைதானம் முழுக்கக் கிடக்கும். பிளாஸ்டிக் பூசிய கப், தட்டு, பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் பாத்திரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஐஸ் பற்றி ஒரு எச்சரிக்கை, மீன்பிடி ஊர் என்பதால். சர்பத்துக்கும் ரோஸ்மில்க்குக்கும் யாராவது பையன் மீன் பெட்டிக்குப் போடுகிற கட்டி ஐஸை உடைத்துக் கொண்டுவந்து போடுவான். அது குடிக்கிற தண்ணீரில் உறைய வைத்ததல்ல. சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது, நிறம் இல்லாமலும் விற்பனைக்கு வருகிறது. பானகமோ மோரோ பானையில் வைத்தாலே குளிர்ந்துவிடும். கோழியும் இறாலும் மாலை மூன்று மணிக்கு மேல் அடுப்பேறட்டும். காலையிலேயே வறுத்து மூடி வைத்த கோழிதான் மறுநாள் ஊரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

மகனுக்கு. தம்பி, பஃபேயில் ஆள்கூலி கொஞ்சம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஜனங்கள் திரும்ப வரிசையில் நிற்கச் சலித்துக்கொண்டு முதல் தடவையே தட்டை நிறைத்துக்கொள்வார்கள், பாதி குப்பைத்தொட்டிக்குப் போகும். கறித்துண்டு முன்னால் நிற்கிறவர்களோடு முடிந்துவிடும். பந்தியில் யாருக்கு எத்தனை துண்டு என்பது பரிமாறுகிறவர் கையில் இருக்கும். உன் ஊர்ப் பெரியவர்களைத் தட்டோடு நிற்க வைத்தால் அதை மரியாதை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒரு நேரத்தில் 115 பேர் உட்காருகிற மாதிரி மேசை போட்டால் நாலு பந்தி, பந்திக்கு அரை மணி. ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடிந்துவிடும். உன் நண்பர்களுக்கு வேண்டுமானால் ஓரத்தில் ஒரு டீக்கடை, பஜ்ஜி என்று வைத்துக்கொள்.

இவ்வளவுக்கும் பிறகு சம்பந்தி வீட்டார் கேட்டரிங்தான் வேண்டும் என்று நின்றால், இலைக்கணக்குக்கே போங்கள், கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 390-இல் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 5 சதவீதம் தனியென்றால் 600 இலைக்கு 11,700 கடைசியில் வந்து நிற்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், அவர் அட்டையில் இருக்கிறதா பாருங்கள். குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் என்பதை 400-க்கு மேல் எழுத விடாதீர்கள், கூடினால் கூடின இலைக்குத் தருகிறோம் என்று சொல்லுங்கள். என்னென்ன ஐட்டம், இலைக்கு எத்தனை துண்டு கறி, எத்தனை மணிக்குத் தயார், வண்டி வாடகை யாருடையது, கழுவுவது யார் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கூலிச் சமையல் என்றாலும் இந்தத் தாள் வேண்டும். அச்சாரம் கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

பாக்கிப் பணத்தை அன்று இரவு மொய் எண்ணிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார், நம் பக்கத்து வழக்கம் அதுதான். மொய் என்பது உங்கள் நோட்டில் ஏறுகிற கடன். ஒவ்வொரு பேருக்கும் ஒருநாள் திருப்பி எழுத வேண்டும். அதை நம்பி மெனுவை ஏற்றினால், வட்டிக்கு வாங்கமாட்டோம் என்று நீங்கள் எழுதியதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பாக்கித் தொகையை முந்தின நாளே தனிக் கவரில் போட்டு அண்ணனிடம் கொடுத்து வையுங்கள். கடைசிப் பந்தி எழுந்த பிறகு அவர் கையால் கொடுக்கட்டும்.

இலைக்கணக்கு என்று முடிவானால் இலையை மட்டும் நீங்களே வாங்குங்கள். நூறு நூறாகக் கட்டி, ஒரு சித்தப்பா பொறுப்பில் விட்டு, கட்டுக் கட்டாகப் பந்திக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரவு எத்தனை கட்டு மிச்சம் என்று எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதில் வாய்த்தகராறே வராது. கிழிந்த இலைக்கு ஐந்தாறு தள்ளிக்கொள்ளுங்கள், அதற்கெல்லாம் சண்டை போட வேண்டாம்.